ஒளிக்கலையின் ஆசானும் மாணவியும்

வன்னிப் பெருநிலம் இலங்கையின் வட மாகாணத்தைச் சேர்ந்தது என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. ஆயினும் அவ்வெல்லை பண்டுதொட்டு வந்ததன்று. 1833ஆம் ஆண்டிலே பிரித்தானிய ஆட்சியாளர் இலங்கைத்தீவை ஐந்து மாகாணங்களாக வகுத்தபோதுதான், யாழ்ப்பாணம், மன்னார், வன்னி, நுவரகலாவிய ஆகிய பகுதிகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு வட மாகாணம் என்னும் பெயரைப் பெற்றன. 1873இல் நுவரகலாவிய பிரிந்து வடமத்திய மாகாணத்தைச் சேர்ந்தது; வன்னியோ வடக்குடனேயே நின்றது.

இம்மாற்றத்துக்கு அடிகோலியவர்கள் கோல்புறூக், கமரன் என்னும் இரு விசாரணையாளர். நிருவாகத்தை ஆராய்ந்தவர் கோல்புறூக். நீதிமுறையை ஆராய்ந்தவர் சாள்ஸ் ஹே கமரன். 1830இல் இலங்கைக்கு வந்த கமரன், இன வேறுபாடு பாராது எல்லோருக்கும் ஒரே வகையான நீதிமன்றம் வேண்டும், அது ஏழையும் எளிதில் அணுகத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்னும் கருத்துடன் 1832இல் அறிக்கை எழுதினார். 1833ஆம் ஆண்டின் நீதிச் சாசனம் அவ்வறிக்கையின் வழியே பிறந்தது. இலங்கை வரலாறு கற்கும் மாணவர் கமரன் என்னும் பெயரைப் பரீட்சைக்காகவேனும் மனனஞ் செய்திருப்பர்.

அந்தக் கமரனின் மனைவியார் உலகத்தின் தலைசிறந்த நிழற்படக் கலைஞருள் ஒருவர் என்பதும், அவர் இலங்கை மண்ணிலேயே அடக்கமாகியிருக்கிறார் என்பதும், அவருக்கு இக்கலையை முதன்முதல் அறிவித்தவர் வானநூல் வல்ல ஒரு பேரறிஞர் என்பதும் அத்துணைப் பரவலாகத் தெரிந்த செய்திகள் அல்ல. ஆசானும் மாணவியுமாக, அதற்கு மேலாக உற்ற நண்பராக, 35 ஆண்டுக் காலம் பழகிய இவ்விருவரின் வரலாறு, ஒரு நிழற்படம் எதனால் நிலைபெறுகிறது என்னும் கேள்விக்கு விடை தருவது. அக்கேள்வி வன்னி மக்களுக்குப் புறம்பான கேள்வியன்று.

ஜூலியா மார்கிரட் அம்மையார் 1815ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கல்கத்தாவிலே பிறந்தவர். தந்தையார் கிழக்கிந்தியக் கும்பினியின் அலுவலர். தாயார் பிரெஞ்சு வழிவந்தவர். பிரான்சிலே கல்வி கற்று இந்தியாவுக்கு மீண்ட ஜூலியா, நோயுற்று, உடல் தேறும்பொருட்டு 1835இல் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார். இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் உடல்நலம் வேண்டி அங்குச் செல்வது அக்காலத்து வழக்கம். அங்கே அவருடைய வாழ்க்கையின் போக்கை வகுத்த இருவரை அவர் சந்தித்தார். ஒருவர் அவரினும் 20 ஆண்டு மூத்தவரான சாள்ஸ் கமரன். இருவரும் 1838 பெப்ரவரியில் கல்கத்தாவில் மணம் புரிந்தனர். மற்றவர் சேர் ஜோன் ஹேர்ஷல்.

ஹேர்ஷல் அப்போது புகழின் உச்சியில் இருந்தார். யுறேனசுக் கோளைக் கண்டறிந்த வில்லியம் ஹேர்ஷலின் மைந்தர் அவர். வடவானத்தைத் தந்தையார் அளந்தது போலத் தென்வானத்தைத் தாம் அளந்து முடிக்கவேண்டும் என்னும் உறுதியுடன், 20 அடித் தொலைநோக்கி ஒன்றைக் கப்பலேற்றிக்கொண்டு 1834இல் அம்முனையை அடைந்திருந்தார். நான்கு ஆண்டு இரவுகள் தோறும் விண்மீன்களைக் கணக்கெடுத்தார். அத்தகைய அறிஞருக்கும், இருபத்தொரு வயது நிரம்பிய இளநங்கைக்குமிடையே 1836இல் தொடங்கிய நட்பு, ஹேர்ஷல் இறக்கும்வரை குன்றவில்லை.

1839ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாரிசிலே டாகேரும், இங்கிலாந்திலே டல்பட்டும் ஒளியைக்கொண்டு படம் பதிக்கும் முறைகளை உலகுக்கு அறிவித்தனர். அம்முறைகளின் நுட்பம் வெளிப்படுமுன்னரே, அச்செய்தியைக் கேட்ட ஹேர்ஷல் சில நாட்களுக்குள் தாமாகவே அக்கலையைச் செய்து பார்த்துவிட்டார். அவருக்கு அது எளிதானமைக்குக் காரணம் உண்டு. வெள்ளி உப்புகள் ஒளிபட்டால் கறுக்கும் என்பது முன்னரே தெரிந்த உண்மை. கறுத்தபின் எஞ்சிய உப்பை அகற்றும் வழிதான் தெரியாதிருந்தது. அகற்றாவிடின், படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கப் பார்க்க அதுவும் முழுதுங் கறுத்து மறைந்துபோகும். வெள்ளி உப்பைக் கரைக்கவல்ல பொருளொன்றை ஹேர்ஷல் 20 ஆண்டுகளுக்கு முன்பே, 1819இல், கண்டறிந்து எழுதிவைத்திருந்தார். நிழற்படத் தொழிலாளர் பிற்காலத்தில் ஹைப்போ என்று வழங்கிய உப்பு அதுவே. கழுவினால் படம் நிற்கும். ஒளி மேலும் அதனைத் தீண்டாது. இந்த முறையை அவர் டல்பட்டுக்கும் ஒளிவின்றிச் சொல்லிக்கொடுத்தார். அதன்மேல் காப்புரிமை எதுவும் கோரவில்லை.

இன்று ஆங்கிலத்தில் இக்கலைக்கு வழங்கும் பெயரை அறிஞருலகில் நிலைநாட்டியவரும் அவரே. கிரேக்க மொழிச் சொற்களால் அமைந்த அப்பெயருக்கு ஒளியால் எழுதுதல் என்பது பொருள். தமிழர் நிழலை முதலாக வைத்து நிழற்படம் என்றனர். புகையை முதலாக வைத்துப் புகைப்படம் என்றும் சொல்லினர். ஒளியும் நிழலும் இடம் மாறித் தோன்றும் தகட்டுக்கு நெகட்டிவ் என்றும், அதிலிருந்து எடுக்கும் நேர்ப்படத்துக்கு பொசிற்றிவ் என்றும் பெயர் வகுத்தவரும் ஹேர்ஷலே. 1839 செப்தெம்பரில், தந்தையாரின் 40 அடித் தொலைநோக்கியைத் தாங்கியிருந்த மரச்சட்டத்தை அவர் கண்ணாடித் தகட்டிலே பதித்தார். கலைக்கப்பட இருந்த அந்தத் தொலைநோக்கியின் தோற்றம் அத்தகட்டினால் எஞ்சிற்று. மறைய இருப்பதை மறையாமற் காத்தல் நிழற்படத்தின் தலையாய பணி என்பதை அவருடைய முதன் முயற்சிகளுள் ஒன்றே காட்டிவிட்டது.

இப்புதுமையைக் கல்கத்தாவிலிருந்த தம் தோழிக்கு ஹேர்ஷல் கடிதவாயிலாக அறிவித்தார். 1842 அளவில் மாதிரிப் படங்கள் சிலவற்றையும் அனுப்பிவைத்தார். நிழற்படம் என்பதைக் கண்ணாற் காணும் பேறு ஜூலியாவுக்கு அவ்வகையிற் கிட்டியது. ஆயினும் அவர் உடனே அக்கலையிற் புகவில்லை. கணவர் இந்திய அரசின் உயர்சபையில் சட்ட உறுப்பினராக விளங்கினார்; அம்மையாருக்கு வீட்டுப் பொறுப்பும் பிள்ளைகளும் விருந்தினரும் நிறைந்த வாழ்க்கை. 1848இல் குடும்பம் இங்கிலாந்துக்குப் போயிற்று. 1852இல் பிறந்த கடைசி மகனுக்கு ஹென்றி ஹேர்ஷல் என்று பெயரிட்டனர். நண்பரின் பெயரைத் தாங்கிய அம்மகன் பிற்காலத்தில் தாமும் நிழற்படக் கலைஞரானார். 1860இல் குடும்பம் வைற்றுத்தீவிலுள்ள பிரெஷ்வாட்டர் என்னும் ஊரிற் குடியேறியது. அவ்வீட்டுக்கு டிம்போலா என்று பெயர். அது கமரன் குடும்பத்துக்கு நிலம் இருந்த இலங்கை மலைநாட்டுத் திம்புலையின் பெயர்.

ஆசான் விதைத்த விதை முளைக்க 20 ஆண்டுக்கு மேலாயிற்று. 1863 திசெம்பரில், அம்மையாரின் 48ஆம் வயதில், மகளும் மருமகனும் அவருக்கு ஒரு படப்பெட்டியைப் பரிசளித்தனர். தனிமையில் பொழுது போக்குவதற்கு உதவட்டும் என்பதே அவர்கள் எண்ணம். அம்மையாரோ அதனைப் பொழுதுபோக்காகக் கொள்ளவில்லை. நிலக்கரி வைக்கும் அறை இருட்டறையாயிற்று. கோழிக்கூடு கண்ணாடி வேய்ந்த படப்பிடிப்பு இல்லமாயிற்று.

அக்காலத்து முறை மிகக் கடினமானது. கண்ணாடித் தகட்டின்மேற் கொலோடியன் என்னும் பசைக்கரைசலை ஒருசீராக ஊற்றவேண்டும். பின்பு அதை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் உலருமுன் படப்பெட்டியிற் பொருத்திப் படம் பிடிக்கவேண்டும். படத்துக்கு இருப்பவர் சில நிமிடங்கள் அசையாதிருத்தல் வேண்டும். உடனே இருட்டறைக்கு ஓடித் தகட்டைத் துலக்கி, நிலைநிறுத்தி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, மெருகெண்ணெய் பூசவேண்டும். ஒரு தூசி, ஒரு விரல், ஒரு நொடித் தாமதம் போதும், எல்லாம் பாழாகும். தம் முதற் படத்தை அம்மையார் ஈரத்தகட்டின்மேற் கைபட்டு அழித்துவிட்டார். 1864 சனவரி 29ஆம் நாள் ஒரு சிறுமியின் படம் நன்கமைந்தபோது, அதுவே தம் முதல் வெற்றி என்று அதன் கீழ் எழுதிவைத்து, படம் அச்சிட்ட தாளை அன்றைக்கே சிறுமியின் தந்தையாருக்கு அனுப்பினார்.

அவ்வாறு எடுத்த படங்களை அவர் முதலிற் காட்ட விரும்பியவர்களுள் ஹேர்ஷல் ஒருவர். 1864 பெப்ரவரி மாதத்திலேயே அவருக்கு எழுதிய கடிதத்தில், இக்கலையின் செய்தியைத் தமக்கு முதலில் உணர்த்திய ஆசான் அவரே என்பதை நன்றியோடு நினைவூட்டினார். அவ்வாண்டு நவம்பர் 26ஆம் நாள், தம் படங்களை ஒட்டிய பெரியதோர் ஏட்டை அவருக்குக் காணிக்கையாக்கினார். 1867இல் அதைத் திரும்பப் பெற்று, மேலும் சிறந்த படங்களைச் சேர்த்துப் புதுக்கி மீண்டும் அளித்தார். ஹேர்ஷல் ஏடு என்று பெயர்பெற்ற அத்தொகுதி, நூறாண்டு கழித்து வெளிநாட்டார் கைக்குப் போக இருந்தபோது, பிரித்தானியர் ஏற்றுமதியைத் தடுத்து, 1975இல் நாட்டின் உடைமையாக்கினர்.

இவ்விருவரிடையே நடந்த கல்வி, ஒரே கூரையின்கீழ் அருகிருந்து கற்ற கல்வியன்று. பெரும்பாலும் அது கடிதக் கல்வி. ஹேர்ஷல் வேதியியலறிந்தவர், அம்மையார் முகமறிந்தவர். ஆசானுக்குத் தெரிந்ததை மாணவி கேட்டார்; மாணவி கண்டதை ஆசான் வியந்தார். தகடுகளை நிலைநிறுத்த அம்மையார் பொற்றாசியம் சயனைட்டு என்னும் கொடிய நஞ்சைக் கையிற் படும்படி அச்சமின்றிப் பயன்படுத்துகிறார் என்று அறிந்தபோது, ஹேர்ஷல் நடுங்கிப்போய், கவனமாயிருக்கும்படி மன்றாடி எழுதினார். மாணவரின் ஆக்கத்தை விரும்புகிற ஆசான் மாணவரின் கையையும் காப்பவன் அல்லவா?

மாணவி ஆசானிடம் ஐயம் வினவும்போது, ஊராரோடு தாம் நடத்தும் வழக்கையும் முன்வைத்தார். அக்காலத்து நிழற்படச் சங்கத்தார் அம்மையாரின் படங்களைப் பெரிதும் குறைகூறினர். படம் துல்லியமாக இல்லை, முகத்தின் கோடுகள் மயங்குகின்றன, தகட்டிற் கீறலும் கறையும் உள்ளன என்பன அவர்கள் சாட்டிய குற்றங்கள். கறையுண்டு என்பது மெய்யே. மயக்கமோ அவர் வேண்டுமென்றே விட்டது. வில்லையைத் திருப்பித் திருப்பி அழகு தோன்றும் இடத்தில் அவர் நிறுத்திவிடுவார். அதற்கு மேலும் கூர்மைப்படுத்தமாட்டார். எது சரியான கூர்மை என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்று 1864 திசெம்பரில் ஹேர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில் அவர் கேட்டார். நிழற்படத்தை வெறும் உருப்பதிவாக வைத்திராது, உயர்கலைகளோடு ஒப்ப நிறுத்தவேண்டும் என்னும் தம் நோக்கத்தையும் அங்கே திறந்து சொன்னார். பிறரிடம் சொல்லின் செருக்கெனப்படும் கருத்தை அவரிடம் சொல்ல முடிந்தது.

ஹேர்ஷல் வாழ்நாள் முழுதும் துல்லியத்துக்காகவே உழைத்த அளவீட்டு அறிஞர். ஆகவே சங்கத்தாரோடு சேர்ந்து அவரும் குறைகூறியிருப்பின் வியப்பில்லை. அவர் அவ்வாறு செய்யவில்லை. 1866இல் அம்மையார் எடுத்த ஓர் இளநங்கையின் முகப்படத்தைக் கண்டு, அது தாளைவிட்டு வெளியே தலை நீட்டி உயிரோடு நிற்பதாகப் பாராட்டி எழுதினார். தம் வழியினின்று மாணவி விலகிப் புதுவழி காணும்போது, அது நல்வழி என்று உணர்ந்து வாழ்த்தும் பண்பு எல்லா ஆசான்மாருக்கும் வாய்ப்பதன்று.

1867 ஏப்ரில் மாதத்தில் அம்மையார் கென்ற் மாவட்டத்திலுள்ள ஹேர்ஷலின் கோலிங்வுட் இல்லத்துக்குச் சென்றார். 15 அங்குலமும் 12 அங்குலமுமான பெருந்தகடுகளைப் பிடிக்கும் படப்பெட்டி உடன்சென்றது. ஹேர்ஷலுக்கு அப்போது வயது 75. வெண்மயிரைக் கழுவி விரித்துவிடுமாறு அம்மையார் கேட்டார் என்று சொல்வர். கறுப்புத் துணி போர்த்திய உருவம், பின்னாலும் இருள், அவ்விருளிலிருந்து ஒரு முதியவரின் முகம் மட்டும் விண்மீன்போல வெளிப்படுகிறது. கண்கள் ஈரமாய், எங்கோ தொலைவை நோக்குகின்றன. நான்கு ஆண்டு தென்வானத்தை விழித்திருந்து பார்த்த கண்கள் அவை என்பதை அப்படத்தைப் பார்ப்போருக்கு எவரும் சொல்லவேண்டியதில்லை. நிழற்படத்தை நிலைநிறுத்தக் கற்பித்த முகம், அவர் கற்பித்த முறையாலேயே நிலைநிறுத்தப்பட்டது. மாணவி ஆசானுக்குக் கொடுத்த காணிக்கை அதுவே. ஹேர்ஷல் 1871 மே 11ஆம் நாள் காலமாகி, வெஸ்ற்மினிஸ்ரர் ஆலயத்தில் நியூற்றனுக்கு அருகே அடக்கஞ் செய்யப்பட்டார். 1874இல் தம் கலைவாழ்வைப் பற்றி அம்மையார் எழுதிய சிறு குறிப்பிலும், தமக்கு வழிகாட்டிய குருவாக அவரையே போற்றினார்.

அம்மையாரின் படப்பெட்டிக்கு முன் இருந்தவர்கள் அறிஞரும் கவிஞரும் மட்டுமல்லர். தெனிசன், கார்லைல், டார்வின் முதலியோரை எடுத்த அதே கருத்தோடு வீட்டுப் பணிப்பெண்களையும் அவர் எடுத்தார். பணிப்பெண்ணான மேரி ஹிலியர் அன்னை மரியாளின் கோலத்தில் பல படங்களிற் காணப்படுகிறார். பிச்சை கேட்டு வந்த ஒருத்தியின் மகளாய் வீட்டில் வளர்ந்த மேரி றையன் என்னும் பெண்ணை, படத்தைக் கண்டு விரும்பிய ஹென்றி கொற்றன் மணந்தார். 1904இல் இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய ஆங்கிலேயர் அவரே. இப்பெண்களின் பெயர்கள் இன்றும் தெரிகின்றன. அம்மையாரைப் பற்றி எழுதுவோர் யாவரும் அவற்றை எழுதுகின்றனர். இதனை மனத்திற் கொண்டு அவருடைய இலங்கை வாழ்க்கையை நோக்குதல் வேண்டும்.

1869 முதல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை இலைநோய் தாக்கிற்று. கமரன் குடும்பத்தின் வருவாய் அத்தோட்டங்களையே நம்பியிருந்தது. மைந்தருட் சிலர் இலங்கையிலே வாழ்ந்தனர். முதிய கணவருக்கோ தாம் இளமையில் விசாரணையாளராய் வந்த தீவின்மேல் தீராத ஆசை. 1875 அக்தோபரில் இருவரும் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டனர். அந்நாட்டில் நல்ல சவப்பெட்டி கிடைக்குமோ என்று ஐயுற்று, இரண்டு சவப்பெட்டிகளையும் கப்பலிற் கொண்டுபோயினர் என்பது பலருங் கூறும் செய்தி.

களுத்துறையில் மகன் வீட்டிலும், மலைநாட்டுத் தோட்டங்களிலும் அம்மையார் வாழ்ந்தார். 12 ஆண்டுகளில் 1,200க்கு மேற்பட்ட படங்களை எடுத்த அவர், இலங்கையில் எடுத்தவையாக இன்று அறியப்படுவன 30ஐயும் எட்டவில்லை. வெப்பமும் ஈரமும் கொலோடியனுக்குப் பகை. இரசாயனப் பொருள்களைக் கடல்கடந்து வரவழைக்கவேண்டும். தூய தண்ணீரும் எளிதிற் கிடைக்காது. கடிதம் எழுதிக் கேட்க ஹேர்ஷலும் இல்லை. 1877 சனவரியில் களுத்துறைக்கு வந்த ஓவியர் மேரியன் நோர்த் அம்மையாரின் படப்பிடிப்பைத் தம் நினைவுக்குறிப்பில் வருணித்திருக்கிறார். அம்மையார் தமக்குக் காஷ்மீர்ச் சால்வை போர்த்தித் தென்னோலைகளுக்கிடையே நிறுத்தியதை நகைச்சுவையோடு சொல்கிறார். ஓர் இலங்கையரின் முதுகழகைக் கண்டு வியந்த அம்மையார், வீட்டில் தோட்டமே இல்லாதிருந்தும், அவரைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம்.

அவ்வோவியரின் பெயர் தெரியும். தோட்டக்காரனான அம்மனிதரின் பெயர் தெரியாது. அம்மையார் இலங்கையில் எடுத்த நாட்டு மக்களின் படங்களில் ஆணும் பெண்ணும் சிறுவரும் காணப்படுகின்றனர். அவர்களுள் தோட்டத் தொழிலாளரான தமிழரும் இருந்தனர் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. முகங்கள் மிக அழகாகப் பதிந்திருக்கின்றன. பார்வை அஞ்சாது நேரே வருகிறது. ஆயினும் களுத்துறைக் குடியானவர், இளம்பெண் என்னும் பொதுப்பெயர்கள் அன்றி, அவர்களில் ஒருவருக்கேனும் சொந்தப் பெயர் எழுதப்படவில்லை. பிரெஷ்வாட்டர்ப் பணிப்பெண்ணுக்குக் கிடைத்த பேறு இலங்கைத் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே நீதிமன்றம் வேண்டுமென்று எழுதியவரின் வீட்டு முற்றத்திலேயே இவ்வேறுபாடு நிகழ்ந்தது.

இங்கேதான் இவ்வரலாறு வன்னியைத் தொடுகிறது. மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குத் தொழிலாளர் வந்த பழைய வழி எது? மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி முதலிய பகுதிகளிலிருந்து புறப்பட்டோர் பலர் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து, வன்னியின் தென்மேற்கு ஓரக் காடுகளினூடே மதவாச்சியை அடைந்து, தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்தே சென்றனர். அந்நாளில் அங்குப் புகைவண்டி இல்லை. வவுனியாவினூடாக யாழ்ப்பாணத்துக்கு இருப்புப்பாதை முற்றுப்பெற்றது 1905இலேதான். தண்ணீரின்மையாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் அவ்வழியில் மாண்டோர் மிகப்பலர். அவர்களுக்கு முகமும் எஞ்சவில்லை, பெயரும் எஞ்சவில்லை. அம்மையாரின் படப்பெட்டிக்கு முன் நின்ற தொழிலாளர் சிலருக்கு முகமாவது எஞ்சிற்று.

அம்மையார் 1879 சனவரி 26ஆம் நாள் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலே காலமானார். பொகவந்தலாவையில் உள்ள புனித மரியாள் ஆலயத்தின் முற்றத்தில் அவரை அடக்கஞ் செய்தனர். மறு ஆண்டு மே மாதத்தில் கணவரும் அவரருகே இடம்பெற்றார். வன்னியை வட மாகாணத்தோடு சேர்த்த சீர்திருத்தத்தின் பங்காளர் ஒருவர், தேயிலைச் சரிவுகளின் நடுவே, தம் மனைவியாரின் புகழ் தம் புகழை விஞ்சும் என்று அறியாமலே துயில்கிறார்.

ஒரு நிழற்படம் நிலைப்பதற்கு இரண்டு காப்புகள் வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. முதற்காப்பு ஹேர்ஷல் கண்ட உப்பு. அது முகத்தைக் காக்கும். இரண்டாவது காப்பு பெயர். அது முகத்துக்குரிய மனிதரைக் காக்கும். ஆசானின் படத்தில் இரண்டும் உண்டு. இலங்கைத் தொழிலாளரின் படங்களில் முதலாவது மட்டுமே உண்டு. முதற்காப்பை அறிவியல் கொடுக்கும். இரண்டாவதைக் கொடுக்கவேண்டியவர்கள் படம் எடுப்போரும் வைத்திருப்போருமே.

இவ்விரண்டின் அருமையையும் வன்னி மக்கள் பெருவிலை கொடுத்து அறிந்திருக்கின்றனர். 2009ஆம் ஆண்டிலே போரின் இறுதியில், ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்கள் வீடு வாசல் இழந்து வெளியேறினர். அவர்களுட் பெரும்பாலோர், முன்னொருகால் தோட்டத் தொழிலாளர் நடந்த அதே செட்டிகுளப் பகுதியின் முகாம்களில் வைக்கப்பட்டனர். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடியோர் மூட்டையைக் குறைத்துக் குறைத்துக்கொண்டு வந்தனர். கலியாணப் படமும், பாட்டன் பாட்டியின் படமும், பிள்ளையின் முதலாம் வகுப்புப் படமும் அவ்வாறு வழியிலே போயின. சிலர் ஒரேயொரு படத்தை மட்டும் உடையிலே செருகி வந்து சேர்ந்தனர்.

2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலின் முன்னால், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அது விரைவில் தொடர்ந்தது. அங்கிருந்த தாய்மார் கையில் ஏந்தியவை நிழற்படங்களே. சில மங்கியவை, சில அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்தவை. ஒவ்வொரு படத்தின்கீழும் பெயர் எழுதப்பட்டிருந்தது. பலவற்றில் காணாமற்போன நாளும் இடமும் எழுதப்பட்டிருந்தன. பெயரில்லாத முகத்தை யாரும் தேடமாட்டார்கள் என்பதை அத்தாய்மாருக்கு எந்த அறிஞரும் கற்பிக்கவில்லை.

ஹேர்ஷல் தம் அறிவை விலை பேசாது தம் தோழிக்குக் கொடுத்தார். அம்மையார் அதனைக்கொண்டு தம் ஆசானின் முகத்தை நூற்றாண்டுகளுக்குக் காத்தார். அந்நட்பின் பயன் இன்று ஒரு படம் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அக்கடனைத் தீர்க்க வன்னியின் வீடுகளில் எளியதொரு வழி உண்டு. எஞ்சியிருக்கும் பழைய படத்தை எடுத்து, அதிலுள்ளோர் யாரென்று வீட்டிலிருக்கும் முதியவரைக் கேட்டு, அதன் பின்புறத்தில் அவர்களுடைய பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதிவைத்தல் வேண்டும். முகத்தை உப்பு காத்துவிட்டது. பெயரைக் காக்கும் பணி, அப்பெயரை அறிந்தவர் இருக்கும்போதே செய்யத்தக்கது.